முகத்துக்குக் காசு, முதுகுக்கு இனாம்

மாடு இல்லாமல் மாட்டு ஆஸ்பத்திரிக்கு யாரும் வர மாட்டார்கள். அப்படி வந்தால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும். அன்று காலை ஏழுமலை வந்தபோது மாடும் இல்லை, பத்திரிகையும் இல்லை. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த யாருடைய எருமையையோ பார்த்தபடி நின்றார்.

நான் ஒரு காளைக்கு மூங்கில் குழாயால் மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். பாதி அதன் வாயிலும் பாதி என் சட்டையிலும் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா ஏழுமலை, மாடு எங்கே?"

"மாடு நல்லா கீது சார்."

இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். பிறகு எருமையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ போட்டோ ஒண்ணு வோணும் சார்."

அவள் என்றால் அவர் மனைவி கன்னியம்மா. வைக்கோல் போரில் இருந்த பாம்பு கடித்து, இறந்து பதினைந்து இருபது நாள் ஆகியிருக்கும். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நடவு, களை, அறுப்பு என்று எங்கே கூலி வேலை நடந்தாலும் முதல் ஆளாக நிற்பவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர்.

"நீங்கதான சார் அவள எப்பவும் போட்டோ புடிச்சிக்கினு இருப்பீங்க? உங்ககிட்ட இல்லாம வேற யாருகிட்ட இருக்கும்? மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும். பொண்ணுக்கு இப்பதான் ரெண்டு வயசு. அம்மா எங்கடான்னா தெருவுல போற எவளையாவது கை காட்டுது."

"அதுக்கென்ன, எவ்வளவோ இருக்கு. வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து தரேன்" என்றேன். ஒரு கலைஞனுக்கு உரிய பெருமிதத்தோடுதான் சொன்னேன். வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் போகத் திரும்பியவர், மறுபடி நின்றார். "மூஞ்சிக்குன்னா காசுன்னு சொன்னீங்களாமே, அவ சொல்லிக்கினே இருப்பா. காசு குடுத்துடறேன் சார்."

அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கன்னியம்மாவை நான் எடுத்த படங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றில்கூட முகம் கிடையாது.

இரண்டு பிஸ்கட் டப்பா

இந்தத் தொடரைப் படித்துவரும் அன்பர் ஒருவர், "நீர் கம்பவுண்டரா, போட்டோகிராபரா? முதலில் அதைத் தெளிவாகச் சொல்லும்" என்று கார்டு போட்டிருக்கிறார். இதே கேள்வியை என் மனைவி சரோஜா கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லாத பதிலை அவருக்கு எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டணத்துக்கு மருந்துப் பெட்டி வாங்கப் போன இடத்தில், பழைய சாமான் விற்பவரிடம் ஒரு கேமரா வாங்கிவிட்டேன். முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிற ரகம் இல்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவருக்கு, ஏதோ கும்பிடு போட்டுக் காலில் விழப் போகிறான் என்று தோன்றும். கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். இந்த ஒரு சங்கதியை நான் சரியாகப் பழகவே இல்லை. அதன் பலன் பின்னால் வருகிறது.

சைக்கிளில் ஒரு பக்கம் ஊசி மருந்துப் பை, மறு பக்கம் கேமரா. நான் போகிற ஊர்களில் மாடுகளுக்கு என்னைக் கண்டால் பயம், மனிதர்களுக்குச் சிரிப்பு.

பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஆசைக்கு எடுத்தால் கைக்காசு கரைகிறது. காசுக்கு எடுக்கலாம் என்றால், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் தனித்தொழில் செய்யக் கூடாது. ஆகவே, "தொழில் இல்லைங்க, பிலிம் விலை மட்டும் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டே தொழில் செய்தேன். ஒரே சுருளில் ஒன்பது படம் பிறருடைய காதுகுத்து, மீதி மூன்று என்னுடைய மேகங்கள்.

நெகட்டிவ்களைப் போட்டுவைக்க இரண்டு பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன். ஒன்றின் மேல் "ஆசை" என்று எழுதி ஒட்டியிருந்தேன். மற்றதன் மேல் "காசு". ஆசை டப்பா அலமாரியில், பூச்சி உருண்டை போட்டு, பட்டுத் துணி விரித்து இருந்தது. காசு டப்பா பரண்மேல், அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் கிடந்தது.

மூச்சைப் பிடியுங்கள்

காசுக்கு வந்த முதல் அழைப்பே சாவு வீடு. உயிரோடு இருக்கும்போது போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் பலருக்கும் பயம். செத்த பிறகு குறைய ஒன்றும் இல்லை என்பதால் தைரியமாகக் கூப்பிடுவார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒருவர் போர்வைக்குள் ஒளிந்து தாங்கிக்கொள்ள, மாலை போட்டுப் படம் எடுக்க வேண்டும்.

குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில், "அசையாதீங்க, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தின் அழுகை சட்டென்று நின்றது. போர்வைக்குள் இருந்த ஆள் குலுங்கிச் சிரிக்க, நாற்காலியில் இருந்த பெரியவரும் சேர்ந்து குலுங்கினார். இரண்டு பெண்கள் வாசல் தாண்டி ஓடிவிட்டார்கள். படம் ஆடிப்போய் வந்தது.

அதைக் கழுவித் தந்த வாலாஜாபாத் ஸ்டூடியோ ஜமால் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அவர் உள்ளபடியே தொழில்காரர். எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் முகத்தைத்தான் தேடுவார். என் மேகங்களையும் ஏரித் தண்ணீரையும் காட்டினால், "இதுல மூஞ்சி எங்கப்பா கீது? மூஞ்சி இல்லாத போட்டோவ எவன் வாங்குவான்? பேஜார்!" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கலை தெரியாத மனுஷன் என்று பஸ்ஸில் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வருவேன்.

கன்னியம்மா இறந்த அன்றும் சைக்கிளில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இல்லை. மூன்று ஆறு சேரும் இடத்தைப் படம் எடுக்கத் திருமுக்கூடல் போயிருந்தேன். அந்தக் கோடையில் ஒரு ஆற்றிலும் தண்ணீர் இல்லை. மூன்று மணலைப் படம் எடுத்துவிட்டு வந்தேன்.

நாற்காலியில் உட்காரவைத்து, பொழுது சாயும்வரை எனக்காகக் காத்திருந்தார்களாம். அதற்குமேல் முடியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரோஜா இதைச் சொன்னபோது நான் செருப்பில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதுகுக்கு ஆறுதல் பரிசு

கன்னியம்மாவை நான் எடுத்த படங்களில் ஒன்று பெயர் வாங்கியது. நடவு வயலில் குனிந்து நிற்கிறார். சேற்றுத் தண்ணீரில் வானம் தெரிகிறது. தெரிவது முதுகு மட்டும்தான். "உழைப்பு" என்று தலைப்புக் கொடுத்துப் பட்டணத்துப் பத்திரிகை ஒன்றின் போட்டிக்கு அனுப்பினேன். ஆறுதல் பரிசு. தபால்தலை அளவுக்கு அச்சிட்டிருந்தார்கள். அதை வெட்டி ஊரில் எத்தனை பேரிடம் காட்டினேன் என்பதை இப்போது சொன்னால் மரியாதை போய்விடும்.

வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த கன்னியம்மாவிடமும் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"யாரு இது?"

"நீதாம்மா."

"நானா? என் முதுக நான் எங்க பாத்தேன்? நீ சொன்னா நம்ப வேண்டியதுதான்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. "கம்பவுண்டரே, மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு புடிச்சிக் குடேன். நானும் பாத்துக்கறேன், எப்டி கீறேன்னு."

இந்த இடத்தில் நான், "நில்லு, சிரி" என்று சொல்லி ஒரு படம் எடுத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. சுருளில் படமும் மிச்சம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசங்கம் செய்தேன். முகத்தை நேராகப் பார்க்க வைத்து எடுத்தால் அது ஸ்டூடியோ படம், அதெல்லாம் காசுக்குச் செய்கிற வேலை, இது வேறே, இது ஆசைக்கு எடுப்பது, ஆளே முக்கியம் இல்லை, அந்த வளைவுதான் முக்கியம் என்றெல்லாம் சொன்னேன்.

அவர் கூழ்ச் சட்டியைக் கழுவியபடி பொறுமையாகக் கேட்டார். "அப்ப மூஞ்சிக்குக் காசு, முதுகுக்கு இனாமா? நல்லா கீதுய்யா உன் நாயம்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

வயல் முழுக்கச் சிரித்தது. நான் அந்தச் சிரிப்பையும் படம் எடுக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று நினைவு.

டப்பாவைக் கவிழ்த்தபோது

வெள்ளிக்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை லீவு போட்டு ஆசை டப்பாவைக் கூடத்தில் கவிழ்த்தேன். ஒவ்வொரு நெகட்டிவாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கன்னியம்மாவின் கைகள். வரப்பில் நடக்கும் கால்கள். தலைச்சுமையோடு அஸ்தமன வெளிச்சத்தில் கறுப்பு உருவம். தண்ணீரில் நிழல். மறுபடி முதுகு.

ஒரு மனுஷியை இத்தனை தடவை எடுத்து, இத்தனை தடவையும் முகத்தை விட்டிருக்கிறேன். திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வராது.

சரோஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னாங்க, மூஞ்சி ஒண்ணுமே இல்லியா?"

"இல்லை."

"உங்க மேகத்துல போய்த் தேடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "மணியக்காரர் வூட்டுக் கல்யாணத்துல அந்தம்மா எலக்கட்டு தூக்கினு வந்துச்சே, நீங்ககூட கத்தினீங்களே, அது படத்துல விழலியா?" என்றாள்.

நான் பரணில் ஏறினேன்.

வாழை இலைக் கட்டு

மணியக்காரர் வீட்டுக் கல்யாணம் நான் காசுக்கு எடுத்தவற்றில் பெரியது. பந்தலுக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாகிவிட்டது. உச்சி வெயில். மணியக்காரர், "யோவ் கம்பவுண்டரு, சீக்கிரம் புடிய்யா, நைனா மயக்கம் போட்டுடுவாரு" என்று தன் அப்பாவைத் தாங்கிக்கொண்டு விரட்டுகிறார்.

அப்போது கன்னியம்மா தலையில் வாழை இலைக் கட்டோடு பந்தலின் பின்புறம் போக வழி தேடி வந்தார். என் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தார். வேலைக்கு வந்தவர்கள் குடும்பப் படத்தில் விழக் கூடாது. அது எழுதாத சட்டம். நான் குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டி, "அந்தப் பக்கம் போம்மா" என்றேன். கண்ணாடியைப் பார்த்துக் காட்டிய கை. பக்கம் மாறிப்போயிற்று. அவர் நான் காட்டிய பக்கமே நகர்ந்து இன்னும் உள்ளே வந்துவிட்டார்.

"தள்ளிப் போன்னா போக மாட்டியா? படம் கெடுதில்ல?" என்று கத்தினேன்.

அவர் நின்றார். கட்டைக் கையால் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அதே நேரம் மணியக்காரர் மறுபடி அதட்ட, பதற்றத்தில் அமுக்கிவிட்டேன்.

அவர் போன பிறகு இன்னொன்று எடுத்தேன். அதில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டார். சுருளில் இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது. ஆனால் அது ஆசைக்கு என்று ஒதுக்கியது. பந்தல் ஓட்டை வழியே தரையில் விழுந்த வெயிலை எடுத்தேன்.

ஆகவே முதல் படத்தைத்தான் கொடுத்தாக வேண்டும். கன்னியம்மா நின்ற ஓரம் அச்சில் விழாமல் இருக்க, நெகட்டிவில் அந்த இடத்தில் கறுப்புக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி மறைத்தேன். மணியக்காரருக்குப் பரம திருப்தி. முகம் வேண்டும் என்று கேட்டவரை, முகத்தோடு வந்துவிட்டாரே என்று மறைத்தேன் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பரணில் அந்த நெகட்டிவ் கிடைத்தது. காகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மைதாப் பசை. நன்றாகக் காய்ச்சின பசை.

தட்டில் தண்ணீர்

அடுத்த பஸ்ஸில் வாலாஜாபாத் போனேன். ஜமால் பாய் நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மைதா போட்டு ஒட்டினியா? நெகட்டிவ்பா இது, சுவத்துல ஒட்டற நோட்டீஸா? எந்தப் பக்கம் ஒட்டினே?"

நெகட்டிவுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். உருவம் இருப்பது மங்கல் பக்கத்தில். பளபளப்பில் ஒட்டியிருந்தால் கவலை இல்லை. மங்கலில் ஒட்டியிருந்தால், காகிதத்தோடு கன்னியம்மாவும் உரிந்து வந்துவிடுவார். எந்தப் பக்கம் ஒட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பாய் விரலால் தடவிப் பார்த்தார்.

"மங்கல்" என்றார்.

இந்த உலகத்தில் அந்தப் பெண்மணியின் முகம் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அது. விரல் நகத்தில் பாதி அளவு. அதன்மேல் என் பசை.

பாய் தட்டில் தண்ணீர் ஊற்றி நெகட்டிவை மிதக்க விட்டார். "கைய வெச்சியோ, வெளிய தள்ளிடுவேன்" என்றார். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே ரைஸ்மில் சங்கு ஊதியது. பாய் நாஷ்டா வரவழைத்தார். நான் தொடவில்லை. என் வாழ்நாளில் சுடச்சுட வந்த பூரியைத் தொடாத ஒரே சமயம் அதுதான்.

கடைசியில் காகிதம் தானாக ஒரு முனை எழும்பியது. பாய் ஒரு இறகால் மெல்ல ஒதுக்கினார். இலைக் கட்டும் ஒரு தோளும் காகிதத்தோடு போய்விட்டன. நடுவில் பசை குறைவாகத் தடவியிருக்கிறேன் போலும். முகம் நின்றது.

கார்டு அளவுக்குப் பெரிதாக்கி அச்சுப் போட்டார். ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. இருந்தாலும் அவர்தான். நல்ல கோபத்தில் இருந்தார்.

பாய் படத்தை உலர்த்தியபடி, "சிரிச்ச மூஞ்சி ஒண்ணு எடுத்திருக்கலாமில்ல?" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நான் அவரைத் திட்டவில்லை.

ஏரிக்கரைக்கு அப்பால்

வெள்ளிக்கிழமை ஏரிக்கரைச் சேரிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். எத்தனையோ முறை மாட்டுக்கு ஊசி போடப் போன தெருதான். அன்றைக்கு வழி நீளமாக இருந்தது. ஏழுமலை வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். குழந்தை பக்கத்தில் மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தது.

படத்தைக் கொடுத்தேன். "கொஞ்சம் கோபமா வந்துடுச்சு, ஏழுமலை. சிரிச்ச மாதிரி என்கிட்ட இல்லை" என்றேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த மன்னிப்பில் இவ்வளவுதான் வெளியே வந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர்.

"இன்னா சார், கோவமா வந்துச்சுன்றீங்க. இதான் சார் அவ. நான் வேலக்கிப் போவாம படுத்துக்கினு இருந்தா இப்டித்தான் பாப்பா."

குழந்தையின் முகத்துக்கு நேரே படத்தைப் பிடித்து, "யாரும்மா இது?" என்றார். அது படத்தைப் பார்த்தது. வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளைத் திருப்பினேன். ஏழுமலை எழுந்துவந்து, மடியில் முடிந்திருந்த காசை என் சட்டைப்பையில் போட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"வாங்கிக்குங்க சார். இனாமுன்னா முதுகுதான் கெடைக்கும்னு அவ சொல்லுவா."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். "யாரப் பாத்து சார் இப்டி மொறைக்கிறா?"

பொய் சொல்லியிருக்கலாம். வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னைத்தான். மணியக்காரர் வீட்டுக் கல்யாணத்திலே. படத்துல விழாதே, தள்ளிப் போன்னு கத்தினேன்."

ஏழுமலை தலை நிமிரவில்லை. படத்தின் ஓரத்தில், தோள் உரிந்துபோன இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லவேள சார்" என்றார். "அவ போவல."